திருட்டைக் காட்டியவன் குற்றவாளியா?



இந்த மாதம் பிறர் குற்றத்தைப் பேசுமுன் நம் குற்றத்தைப் பேசியாக வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நம் பகுதி இளைஞர் ஒருவர் ஒரு காரியம் செய்தார். பகலில் பிளம்பருக்கு உதவியாளாகப் போகிறவர். இரவில் செல்போனில் படம் பிடித்து, குடிசைப் பகுதிச் செய்திகளை யூடியூபில் போடுகிறவர். அவருக்குப் பின்னால் பத்திரிகை முதலாளி கிடையாது, அடையாள அட்டை கிடையாது, வக்கீலும் கிடையாது. ஒரு தொங்கு தராசு வாங்கினார். ரேஷன் கடையிலிருந்து வெளியே வருகிற பெண்களிடம் அனுமதி கேட்டு, மூட்டையைத் தராசில் மாட்டினார். மெஷின் கொடுத்த சீட்டையும் தராசின் முள்ளையும் ஒரே படத்தில் காட்டினார். சீட்டில் 25 கிலோ, தராசில் 21 கிலோ. அடுத்த குடும்பத்துக்குச் சீட்டில் 20, தராசில் 17. இப்படி இரண்டு மாதம் பொறுமையாக எடுத்துச் சேர்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியிட்டார்.

அந்த மாதம் எல்லோருக்கும் எடை முழுதாக வந்தது.

ஆனால் அதே மாதம் அந்தப் பையன் வீட்டு வாசலில் கூட்டமும் கூடியது. கடைக்காரர் தமிழர். அம்மன் கொடைக்கு முதல் நன்கொடை அவருடையது. நம் சங்க ஆண்டு விழாவுக்குப் பந்தல் செலவும் அவருடையதுதான். "தமிழன் மானத்தை ஊருக்கெல்லாம் விற்றுவிட்டானே" என்றார்கள். "மராட்டியர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?" என்றார்கள். பையனின் தாயாரைக் குழாயடியில் ஏசினார்கள். அந்த அம்மாவை ஏசிய பெண்களில் தராசில் 4 கிலோ குறைந்தவரும் இருந்தார்.

விவகாரம் சங்கத்துக்கு வந்தது. "சமூக ஒற்றுமை கருதி அந்தப் படத்தை நீக்கிவிட வேண்டும்" என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். நாமும் கை தூக்கினோம். பையன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. படத்தை எடுத்துவிட்டார். அடுத்த மாதமே எடை மறுபடியும் குறைந்தது.

அந்தத் தீர்மானம் தவறு. அதை எழுத்தில் ஒப்புக்கொள்ளவே இந்தக் கட்டுரை. ஒப்புக்கொள்வதோடு நின்றுவிட்டால் போதாது. ஏன் தவறினோம், இனி எப்படி நடப்பது என்றும் யோசிக்க வேண்டும்.

உப்பும் ரொட்டியும்

நம் சால் விவகாரத்தைச் சின்ன விஷயம் என்று யாரும் தள்ள வேண்டாம். நாடு முழுவதும் இதே கதைதான் நடக்கிறது.

2019 ஆகஸ்டில் உத்தரப் பிரதேசத்து மிர்ஸாபூர் மாவட்டத்தில், ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ரொட்டியை உப்பில் தொட்டுச் சாப்பிட்டார்கள். மதிய உணவுத் திட்டத்தில் அவர்களுக்குப் பருப்பும் காய்கறியும் வந்திருக்க வேண்டும். பவன் ஜெய்ஸ்வால் என்ற நிருபர் அதைப் படம் பிடித்தார். பெரிய பத்திரிகைக்காரர் அல்ல. சிறிய இந்திப் பத்திரிகைக்கு எழுதுகிறவர். அந்தப் படம் செல்போனுக்குச் செல்போன் தாவி நாடு முழுவதும் பரவியது.

பிறகு நடந்தது என்ன? முதலில் பள்ளிக்காரர்கள் மீது நடவடிக்கை என்றார்கள். சில நாளில் காற்று திரும்பியது. படம் எடுத்தவர் மீதே மோசடி, கூட்டுச்சதி என்று வழக்குப் பதிந்தார்கள். அரசாங்கத்தின் பெயரைக் கெடுக்கச் சதி செய்தாராம். அவரைப் பள்ளிக்கு அழைத்த கிராமத்து மனிதரும் வழக்கில் சேர்க்கப்பட்டார். பத்திரிகை நிருபர் என்றால் போட்டோதானே எடுக்க வேண்டும், வீடியோ ஏன் எடுத்தார் என்று மாவட்ட அதிகாரியே கேட்டார். பிள்ளைகளின் தட்டில் ஏன் உப்பு என்பதை விட, நிருபர் கையில் ஏன் வீடியோ என்பது பெரிய கேள்வியாகிவிட்டது! நாடெங்கும் கண்டனம் எழுந்த பிறகு, அதே ஆண்டு டிசம்பரில் அவர் மீது குற்றமில்லை என்று போலீசே விடுவித்தது. 2022 மே மாதம் அவர் புற்றுநோயால் இறந்துபோனார்.

இதைவிடக் கொடியதும் உண்டு. சத்தீஸ்கரில் பஸ்தர் பகுதியைச் சேர்ந்த முகேஷ் சந்திராகர் சொந்தமாக யூடியூப் சானல் நடத்தி வந்தார். காட்டுக் கிராமங்களின் செய்தியை வெளியே கொண்டுவந்தவர் அவர். சாலை ஒப்பந்தத்தில் நடந்த ஊழலை அம்பலப்படுத்தியதில் அவருக்குப் பங்கு இருந்தது. 2025 ஜனவரி 1-ஆம் தேதி காணாமல் போனார். 3-ஆம் தேதி ஒப்பந்தக்காரர் ஒருவரின் இடத்தில், கழிவுநீர்த் தொட்டிக்குள், மேலே சிமெண்டு பூசி மூடிய நிலையில் அவர் உடல் கிடைத்தது. சாலைப் பணம் நலத்திட்டம் அல்ல என்று சிலர் சொல்லலாம். ஏழையின் பெயரில் ஒதுக்கிய பணம் எந்தத் தலைப்பில் போனால் என்ன? கேட்டவனுக்குக் கிடைத்த கூலி ஒன்றுதான்.

2008 மே மாதம் ஜார்க்கண்டின் பலாமு மாவட்டத்தில் லலித் மேத்தா கொல்லப்பட்டார். வேலை உறுதித் திட்டத்தின் கணக்குகளை மக்கள் முன் தணிக்கை செய்ய ஏற்பாடு செய்துகொண்டிருந்தவர் அவர். அவர் யூடியூபர் அல்ல. ஆகவே இது செல்போன் கொண்டுவந்த சண்டை அல்ல. இது கணக்குக் கேட்பவனுக்கும் கணக்கை மறைப்பவனுக்கும் இடையே நெடுநாளாக நடக்கிற சண்டை.

மக்கள் ஏன் கோபப்படுகிறார்கள்?

அதிகாரியும் ஒப்பந்தக்காரரும் கோபப்படுவது புரிகிறது. மடியில் கனம், வழியில் பயம். ஆனால் பாதிக்கப்பட்ட ஜனங்களே காட்டியவன் மீது ஏன் பாய்கிறார்கள்? "அறியாமை" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட நாம் தயாராக இல்லை. அதில் ஒரு நியாயமான பயம் இருக்கிறது.

"மோசடி" என்ற சத்தம் எழுந்தால் அரசாங்கம் முதலில் யார் கழுத்தைப் பிடிக்கிறது? திருடியவன் கழுத்தை அல்ல. ஜார்க்கண்டில் போலி ரேஷன் கார்டுகளை ஒழிக்கிறோம் என்று லட்சக்கணக்கான கார்டுகளை ரத்து செய்தார்கள். பின்னால் ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்தபோது, ரத்தானவற்றில் பெரும்பாலானவை உண்மையான குடும்பங்களின் கார்டுகள் என்று தெரிந்தது. 2017 செப்டம்பரில் அந்த மாநிலத்து சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்கவில்லை என்று அந்தக் குடும்பத்தின் கார்டு ரத்தாகி, மாதக்கணக்கில் அரிசி வரவில்லை. பசியால் செத்தாள் என்று தாய் சொன்னாள். மலேரியா என்றது அரசாங்கம். ஊர்ப் பெயரைக் கெடுத்துவிட்டாள் என்று சொல்லி, பிள்ளையைப் பறிகொடுத்த அந்தத் தாயைத்தான் ஊரார் விரட்டினார்கள். படித்தபோது நெஞ்சு பதறியது. நம் குழாயடியில் அந்த அம்மாவை ஏசியதும் இதே சாதிக் காரியம்தானே?

நம் மராட்டிய மாநிலத்திலேயே பாருங்கள். பெண்களுக்கு மாதம் 1,500 ரூபாய் கொடுக்கும் 'லாட்கி பஹீண்' திட்டம் 2024-இல் வந்தது. 2025 ஜூலையில் சுமார் 26 லட்சம் பேர் தகுதியற்றவராக இருக்கலாம் என்று சொல்லி அவர்களுக்குப் பணத்தை நிறுத்திவிட்டதாக அறிவித்தார்கள். பட்டியலில் 14,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் பணம் வாங்கியிருந்தார்கள் என்றார்கள். அரசு ஊழியர்களும் 2,000-க்கு மேல் இருந்தார்கள். பெண்களுக்கான பணத்தை ஆண்கள் வாங்கும்வரை சரிபார்த்தவர் யார், கையெழுத்திட்டவர் யார் என்ற கேள்வி டீக்கடையில் எழவில்லை. "வெளியாட்கள்தான் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறார்கள்" என்ற பேச்சுத்தான் எழுந்தது.

வெளியூரில் பிழைக்க வந்தவனுக்கு இந்தப் பயம் இரட்டிப்பு. 1966-க்குப் பிறகு இந்த நகரத்தில் 'லுங்கிவாலா' என்று நம் தகப்பன்மாரை விரட்டிய காலத்தை அவர்கள் வாயாலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒரு தமிழன் தப்புச் செய்தால் நூறு தமிழன் உதைபடுவான் என்பது கதை அல்ல, அனுபவம். அதனால்தான் நம்மவன் தப்பை மூடி வைப்பது தற்காப்பு என்று பழகிவிட்டோம்.

கடல் கடந்த ஒரு பாடம்

இந்தப் பயத்துக்கு இப்போது அமெரிக்காவிலிருந்தும் ஓர் உதாரணம் வந்திருக்கிறது. அங்கே மின்னசோட்டா மாநிலத்தில் சோமாலியாவிலிருந்து குடியேறியவர்கள் ஏராளம். கொரோனா காலத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவு கொடுத்ததாகப் பொய்க்கணக்கு எழுதி 25 கோடி டாலர் சுருட்டியதாக, 2022 செப்டம்பரில் 47 பேர் மீது மத்திய அரசு வழக்குத் தொடுத்தது. பின்னர் குற்றம் சாட்டப்பட்டோர் எண்ணிக்கை 70-ஐத் தாண்டியது. பலருக்குத் தண்டனையும் கிடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் சோமாலியர். ஆனால் அந்தப் பணம் போன வழியாக இருந்த நிறுவனத்தின் தலைவி வெள்ளைக்காரப் பெண்மணி. 2025 மார்ச்சில் அவரையும் குற்றவாளி என்றே தீர்ப்பளித்தார்கள். ஆக, திருட்டு நடந்தது உண்மை. அதை மறுக்கிறவன் பொய்யன்.

2025 டிசம்பர் கடைசியில் யூடியூப் இளைஞர் ஒருவர் கேமராவோடு சோமாலியர் நடத்தும் குழந்தைக் காப்பகங்களின் கதவைத் தட்டினார். "பிள்ளைகள் எங்கே?" என்று கேட்டுப் படம் எடுத்தார். கதவு திறக்கவில்லை என்பதையே மோசடிக்குச் சாட்சியாகக் காட்டினார். கோடிக்கணக்கானவர் பார்த்தார்கள். மாநில அதிகாரிகளோ, அந்தக் காப்பகங்களில் ஏற்கெனவே சோதனை செய்திருக்கிறோம், அப்படியான மோசடியைக் காணவில்லை என்றார்கள். முன்பின் தெரியாதவர்கள் கேமராவோடு வந்து கதவைத் தட்டினால், பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் திறப்பார்களா என்றும் பலர் கேட்டார்கள். மத்திய அரசாங்கம் காத்திருக்கவில்லை. அந்த மாநிலத்துக்கான குழந்தைப் பராமரிப்புப் பணத்தையே நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. அந்தப் பணத்தை நம்பிப் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தாய்மார் எல்லா இனத்திலும் உண்டு. அந்த மாதத் தொடக்கத்திலேயே நாட்டின் ஜனாதிபதி சோமாலியரைக் 'குப்பை' என்று பேசியிருந்தார்.

மிர்ஸாபூர் நிருபரும் மின்னசோட்டா இளைஞரும் கையில் வைத்திருந்தது ஒரே கருவிதான். இருவர் மீதும் கூச்சல் எழுந்தது. கூச்சல் எழுந்துவிட்டதால் மட்டும் ஒருவர் தியாகி ஆகிவிடுவதில்லை, அயோக்கியரும் ஆகிவிடுவதில்லை. மிர்ஸாபூர்க்காரர் காட்டியது தட்டு. அதில் இருந்தது உப்பு. கணக்கில் எழுதியது வேறு, தட்டில் கிடந்தது வேறு என்பதை எவரும் பார்க்கலாம். மற்றவர் காட்டியது மூடிய கதவு. அதன் மேல் ஒட்டியது ஒரு இனத்தின் பெயர். கணக்கைத் துருவுவது விசாரணை. முகத்தைப் பார்த்துத் தீர்ப்பெழுதுவது விசாரணை ஆகாது.

பதிவேட்டைக் கேட்போம்

நாம் ரயில்வேயில் குமாஸ்தா. பார்சல் எடை, ரசீது, பதிவேடு இவற்றோடு இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியவர்கள். வந்த சரக்கில் எடை குறைந்தால் நாம் என்ன செய்கிறோம்? அனுப்பிய இடத்து எடை என்ன, இறங்கிய இடத்து எடை என்ன, நடுவில் யார் கையெழுத்து என்று பார்க்கிறோம். மூட்டை தூக்கிய போர்ட்டர் எந்த ஊர், எந்த ஜாதி என்று கேட்பதில்லை. விஜிலன்ஸ்காரர்கள் பயணி வேஷத்தில் ஆளை அனுப்பி டிக்கெட் கவுண்டரைச் சோதிக்கிறார்கள். கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு எரிச்சல்தான். ஆனாலும் "ஸ்டேஷன் மானத்தை வாங்கிவிட்டான்" என்று யாரும் விஜிலன்ஸ்காரர் வீட்டு முன் கூடுவதில்லை. கணக்குச் சுத்தமாக இருக்கிற குமாஸ்தாவுக்குப் பதிவேடுதான் பாதுகாப்பு. சந்தேகம் வரும்போது அவனைக் காப்பாற்றுவதும் அதுவே.

இதை ஏழை ஜனங்கள் தாங்களே செய்து காட்டியிருக்கிறார்கள். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு 1994 டிசம்பரில் முதல் 'ஜன் சுன்வாய்', அதாவது மக்கள் விசாரணை நடத்தியது. வேலைகளின் மஸ்டர் ரோலையும் பில்லையும் ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். இன்னாருக்கு இத்தனை நாள் கூலி என்று படிக்கப் படிக்க, "நான் ஒரு நாளும் போகவில்லையே" என்று பெயருக்கு உரியவரே எழுந்தார். வெளியூர் போனவர் பெயரிலும் செத்துப்போனவர் பெயரிலும் கூலி எழுதியிருந்தது வெளியே வந்தது. பிழைப்புக்காக வெளியூர் போன நம்மைப் போன்றவர் பெயரைத்தான் திருடன் முதலில் எழுதுகிறான். கேட்க ஆள் இல்லையல்லவா? அந்த இயக்கம் 1996-இல் பியாவரில் 40 நாள் தர்ணா இருந்தது. இப்படித் தொடங்கிய போராட்டம்தான் வளர்ந்து 2005-இல் தகவல் உரிமைச் சட்டமாயிற்று.

கையில் கருவிகள் இருக்கின்றன. 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தலைக்கு மாதம் 5 கிலோ என்பது உரிமை; அந்தியோதயா குடும்பத்துக்கு 35 கிலோ. 2023 ஜனவரி முதல் அது இலவசம். "சும்மா கொடுக்கிறதுக்கு எடை வேறு பார்க்கிறாயா?" என்று கடைக்காரர் கேட்டால், சும்மா வந்ததல்ல, வரிப்பணம் என்று சொல்லுங்கள். நாம் தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிறோம். அதே சட்டத்தின் 28-ஆம் பிரிவு சமூகத் தணிக்கையையும் 29-ஆம் பிரிவு கண்காணிப்புக் குழுவையும் சொல்கிறது. ஊர்க் கார்டை வைத்தே எந்த மாநிலத்திலும் ரேஷன் வாங்கலாம் என்ற ஏற்பாடு 2022-க்குள் எல்லா மாநிலத்துக்கும் வந்துவிட்டது. தமிழ்நாட்டுக் கார்டோடு இங்கே வரிசையில் நிற்கிறவரைக் கடைக்காரர் விரட்டினால், அதுவும் மோசடியில் சேர்த்திதான்.

நாம் முன்வைப்பவை

முதலாவது, அந்தத் தீர்மானத்தைச் செயற்குழு திரும்பப் பெற வேண்டும். அடுத்த கூட்டத்தில் நாமே முன்மொழியப் போகிறோம். சங்கத்தின் சார்பில் அந்தத் தாயார் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். கூட்டமாய்ப் போய் ஏசினோம். கூட்டமாய்ப் போய்த்தான் மன்னிப்பும் கேட்க வேண்டும்.

இரண்டாவது, விசாரணைக்கு ஆளாகும் கடைக்காரரிடம் விழாவுக்கும் பந்தலுக்கும் நன்கொடை வாங்கக் கூடாது. பந்தல் சிறியதாக இருக்கட்டும். நம் வீட்டு அரிசியில் போட்ட பந்தலின் நிழல் நமக்கு வேண்டாம்.

மூன்றாவது, தராசைச் சங்கமே வாங்கி, ரேஷன் போடும் நாட்களில் சங்க வாசலில் தொங்கவிட வேண்டும். யாரும் வந்து எடை பார்க்கலாம். சீட்டு எண், எடை, தேதி ஒரு நோட்டில் ஏறட்டும். தனி ஒருவன் காட்டினால் அவன் வீட்டு வாசலில் கூடுவார்கள். நூறு குடும்பம் காட்டினால் எத்தனை வாசலில் கூட முடியும்?

நான்காவது, செல்போன் பிடிக்கும் நம் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. சீட்டைக் காட்டுங்கள், தராசைக் காட்டுங்கள். வரிசையில் நிற்கும் அக்காவின் முகத்தை அவர் சம்மதமில்லாமல் காட்டாதீர்கள். கடைக்காரரின் பதிலைக் கேட்டு அதையும் போடுங்கள். கடைக்குக் கிடங்கிலிருந்து வரும் மூட்டையே எடை குறைவாக வருகிறதா என்றும் பாருங்கள். கடைசி ஆளை மட்டும் பிடித்து மேலே இருப்பவனை விட்டுவிடாதீர்கள். தப்பாகச் சொல்லிவிட்டால் அதே சத்தத்தில் திருத்திச் சொல்லுங்கள். திருடன் தமிழனா, மராட்டியனா, பீகாரியா என்று தலைப்பில் போட்டுப் பார்வையாளர் கூட்டம் சேர்க்காதீர்கள். நாளை அதே தலைப்பு நம் மேல் திரும்பும்.

சமூக மானம் என்று பேசுகிறோம். மானம் எங்கே போயிற்று? படம் வெளியான அன்றா போயிற்று? தராசில் 4 கிலோ குறைந்த அன்றே போய்விட்டது. நாம் கை தூக்கிய அன்று மிச்சமும் போயிற்று. நம்மவன் என்பதற்காக மூடி வைத்தால், "அவர்கள் எல்லோரும் ஒன்றுதான்" என்று சொல்கிறவனுக்கு நாமே சாட்சி சொன்னதாகும். நம்மவன் தப்பை நாமே கேட்டால், எங்களில் திருடியவன் இவன், திருடாதவர்கள் நாங்கள் என்று தலை நிமிர்ந்து சொல்லலாம்.

அடுத்த செயற்குழுவுக்கு உறுப்பினர்கள் தவறாமல் வாருங்கள். வரும்போது சென்ற மாதத்து ரேஷன் சீட்டைக் கையோடு எடுத்து வாருங்கள்.